பகலில் படுத்தவள்

இரண்டாவது குழந்தையும் அழாமலே பிறந்து, மாதா கோயிலுக்குப் பின்னால் மண்ணுக்குப் போன பிறகு, என் கணவர் என்னைத் திருச்சிக்கு அழைத்துப் போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார். அவர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை என்றார். மூன்று மாதம் படுத்தே இருக்க வேண்டும், குடம் தூக்கக் கூடாது, அடுப்படிக்குப் போகக் கூடாது, பள்ளிக்கூட வேலைக்கு லீவு சொல்லிவிட வேண்டும் என்றார். என் கணவர் வெளியே போனதும் டாக்டரம்மா என்னிடம் தனியாக ஒன்று சொன்னார்.

"உன் உடம்ப நீதான் பாத்துக்கணும். வேற யாரும் பாக்க மாட்டாங்க."

யுத்த காலம். அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறி, வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் அந்த மூன்று மாதத்தை நினைத்துக்கொண்டே வந்தேன். துக்கத்துக்கு நடுவிலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

வீட்டை நடத்தியவர் என் கணவரின் அக்கா. சிறு வயதிலேயே கணவனை இழந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கம்பு குத்துவது, தண்ணீர் இறைப்பது, மாட்டைப் பார்ப்பது, முந்திரிக்கொட்டை உடைப்பது எல்லாம் அவர்தான். கொட்டையின் எண்ணெய் பட்டு அவர் விரல்கள் எப்போதும் கறுத்தே இருக்கும். என் கணவர் கூடத்தில் கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டார். அவர் வெளியே கிளம்பிய பிறகுதான் அண்ணி என் தலைமாட்டில் வந்து நின்றார்.

"இந்தக் கட்டில்ல பகல்ல படுத்தவங்க எங்கப்பாவும் எங்கம்மாவுந்தான். ரெண்டு பேரும் எழுந்திருக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னார்.

முதல் சில வாரங்கள் தூங்கித் தீர்த்தேன். விழித்தால் கஞ்சி, மறுபடி தூக்கம். கைநடுக்கம் குறைந்தது. ஆனால் ஊர் வேறு மாதிரி பேச ஆரம்பித்திருந்தது. வயசுப் பெண் ஒருத்தி காரணமில்லாமல் பகலெல்லாம் படுத்திருப்பாளா, சயரோகமாகத்தான் இருக்கும் என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்களாம். பால் கொண்டுவரும் பெண் செம்பை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். பார்க்க வந்தவர்கள் நிலைப்படியைத் தாண்டாமல், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கோயிலில் துக்கமணி அடிக்கும்போதெல்லாம், இந்த முறை யார் என்று கேட்பதை நிறுத்திவிட்டு எல்லாரும் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் கோயில் பங்குச் சாமியார் வந்தார். ஊரில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் பின்னால் நின்றார். சாமியார் கையில் இருந்த சின்ன வெள்ளிச் சிமிழைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சாகப் போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெய் அது.

"தோத்திரம் சாமி. எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஓய்வா இருக்கச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்."

அவர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். சாமியார் சிமிழை அங்கிக்குள் வைத்துக்கொண்டு, நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியான தூக்கம் போய்விட்டது. என்னிடம் சொல்லாமல் டாக்டரம்மா என் கணவரிடம் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று நினைத்தேன். என் மணிக்கட்டை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

தூக்கம் போனதும் காது கூர்மையானது. படுத்திருப்பவளுக்கு வீடு முழுவதும் சத்தம்தான். அப்படித்தான் கொல்லையில் உலக்கைச் சத்தத்தைக் கவனித்தேன். சீராக விழும், திடீரென்று நிற்கும். சற்று நேரம் மூச்சு வாங்கும் ஓசை மட்டும் கேட்கும். பிறகு மறுபடி விழும். நாளாக நாளாக நிற்கும் நேரம் நீண்டது. என் கணவரிடம் சொன்னேன். அவர் அக்காவிடம் விசாரித்தார். எனக்கென்ன, கல்லுப்போல் இருக்கிறேன், படுத்திருக்கிறவளைப் பார் என்று அண்ணி சொல்லிவிட்டாராம். திருச்சிக்குப் போகலாம் என்று அவர் அழைத்ததற்கும் மாட்டைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்.

ஒரு மத்தியானம் அண்ணி கஞ்சி கொண்டுவந்தவர், வழக்கத்துக்கு மாறாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. கறுத்த விரல்களால் கயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இப்படிப் படுத்துக் கெடந்தா எப்படி இருக்கும்?"

"கொஞ்ச நேரம் படுத்துப் பாருங்க அண்ணி. நான் எழுந்து உக்காந்துக்கறேன்."

சிறிது நேரம் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார். படுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"வேணாம். அப்புறம் எழுந்திருக்கத் தோணாது," என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

மறுநாள் காலையில் கிணற்று ராட்டினம் கடகடவென்று தன் பாட்டுக்குச் சுற்றியது. வாளி தண்ணீரில் விழுந்தது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. என் கணவருக்கு முன்னால் நான்தான் ஓடினேன். பழக்கம் விட்டுப்போன கால்கள், இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தேன். அண்ணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தார். இரண்டு பேருமாகத் தூக்கி வந்து என் கட்டிலில் போட்டோம். கண்ணைத் திறந்து எங்கே படுத்திருக்கிறோம் என்று பார்த்ததும், கையை ஊன்றி எழப் பார்த்தார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்த உடம்பில் பலமே இல்லை. சாமியார் வந்து எண்ணெய் பூசினார். பொழுது சாய்வதற்குள் அண்ணி போய்விட்டார்.

எனக்கு வந்த சாவை அவர் வாங்கிக்கொண்டார் என்றார்கள் பெண்கள். என் காதில் விழும்படியே சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு, கட்டிலை உடைத்து விறகாக்கிவிடலாமா என்று என் கணவர் கேட்டார். வேண்டாம், டாக்டரம்மா சொன்ன நாள் இன்னும் முடியவில்லை என்றேன். அவர் கொஞ்சம் மிரண்டுதான் போனார். அன்றே மறுபடி அதில் படுத்தேன். கூலிக்கு ஒரு அம்மாள் வந்து கம்பு குத்தினாள். அந்த உலக்கைச் சத்தத்தையும், வீட்டுக்குள் நடக்கும் என் கணவரின் மூச்சையும் கேட்டுக்கொண்டே மிச்ச நாளைக் கழித்தேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினபோது முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. சேலை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிரே குடத்தோடு வந்த பெண்கள் பேச்சை நிறுத்தி, சுவரோரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டார்கள்.