நோட்டீஸின் நாலு மூலையிலும் மஞ்சள்

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். குளம் தூர் எடுக்க வரச்சொல்லி மாநகராட்சி அடித்துக் கொடுக்கிற நோட்டீஸில், நம் வார்டில் மட்டும் ஏன் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்கிறோம், பக்கத்து வார்டுப் பிள்ளைகள் கேலி செய்கிறார்களே என்று. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். நான் பத்தாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

இது ஆரம்பித்தபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர் அன்று நகராட்சிதான், மாநகராட்சி ஆகவில்லை. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, நான். அத்தை என்றால் உங்கள் தாத்தாவின் தங்கை. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அவர் எங்களோடு வந்து இருந்துவிட்டார். மாமா இறந்துபோனார் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான் தெரியும். அத்தை குங்குமம் வைக்க மாட்டார். எனக்கு விபூதி பிடிக்காது, அதே மாதிரி அவருக்குக் குங்குமம் பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் மகளிர் குழு ஆரம்பித்தபோது அத்தையைத் தலைவியாகப் போட்டார்கள். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பது ஒரு காரணம். அவருக்கு வீட்டில் வேறு என்ன வேலை என்பது இன்னொரு காரணம். அதை நேரிலேயே சொன்னார்கள். அத்தை சிரித்துக்கொண்டார். குழு ஆரம்பித்த பிறகுதான் அவர் வாசல் தாண்டிப் போய் நாலு பேரோடு பேசி நான் பார்த்தேன்.

அந்த வருஷம் வைகாசிக் கடைசியில் நகராட்சி சுகாதார ஆய்வாளர் வந்தார். வேதாரண்யம் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வெயிலில் நடந்தே வந்து, எங்கள் வாசலில் நின்று ஒரு சொம்பு தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"அம்மா, மேட்டூர் தண்ணி ரெண்டு மூணு வாரத்துல வந்துடும். அதுக்குள்ள உங்க குளத்துக்கு வர்ற வாய்க்காலைத் தூர் எடுக்கணும். பொக்லைன், டிராக்டர், மண்வெட்டி எல்லாம் நாங்க தர்றோம். வீட்டுக்கு ஒரு ஆள் கூட நிக்கணும். நாப்பது வீட்டு ஆள் வரலேன்னா வண்டி வேற வார்டுக்குப் போயிடும். எல்லா வார்டுலயும் கேக்கறாங்க."

"வருவாங்க சார்," என்றார் அத்தை. யாரையும் கேட்கவில்லை.

குளம் நிறைந்தால்தான் எங்கள் தெரு அடிபம்பில் தண்ணீர் ஏறும். இரண்டு வருஷமாக நிறையவில்லை. ஊர் நடுவே ஓடும் புது ஆற்றில் தண்ணீர் போகும், குளத்துக்கு வராது. வாய்க்கால் வாயில் ஆகாயத்தாமரையும் சாக்கடை வண்டலும் நாங்களே வீசிய குப்பையும் சேர்ந்து சுவர் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தன. அத்தை விடிகாலையில் மூன்று தெரு தள்ளிப் போய் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடமாகத் தூக்கி வருவார்.

அப்பா சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"உன்னை யாரு வாக்குக் குடுக்கச் சொன்னா? நாப்பது பேரு வரலேன்னா தெருவே சிரிக்கும். அப்படி ஆச்சுன்னா குழுவும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேசாம வீட்டோட இரு."

"சரிண்ணே," என்றார் அத்தை.

முதல் ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். அதில் நானும் ஒருவன். ஆய்வாளர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "வர்ற ஞாயிறு ஒண்ணுதாம்மா பாக்கி," என்று சொல்லி வண்டியைத் திருப்பச் சொன்னார். கோபப்படவில்லை. அதுதான் அத்தைக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அந்த எட்டுப் பேரில் மளிகைக்கடை பாயும் உண்டு. அவர் மகன் துபாயில் இருந்தான், கடையை அவர் ஒருவரே பார்த்தார். பாதிக் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தார். அத்தை அவரிடம் கேட்டார்.

"ஏன் பாய் யாரும் வரல? ரெண்டு நாளா ஆட்டோவுல மைக் வச்சு சொன்னாங்களே."

"அதுதாங்க தங்கச்சி தப்பாப் போச்சு. கடைக்கு வர்றவங்க எல்லாம் ஒரே பேச்சு. ஆட்டோக்காரன் கத்திட்டுப் போனா ஓடணுமா, முறையா வந்து யாரு எங்களைக் கூப்பிட்டாங்கறாங்க."

நம் ஊர்க்காரர்களை உங்களுக்குத் தெரியும். முறையாக வந்து அழைக்கவில்லை என்றால் கூடப் பிறந்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கே போக மாட்டார்கள். அழைத்துவிட்டால் ஆகாதவன் வீட்டுக்கும் போய் முதல் பந்தியில் உட்காருவார்கள். நகராட்சிக்கு இது எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை நகராட்சி கொடுத்திருந்த நோட்டீஸ் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினார். மஞ்சளைக் குழைத்தார். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பது போல ஒவ்வொரு நோட்டீஸிலும் நாலு மூலைக்கு வைத்துக் காயப்போட்டார். நடுவில் நகராட்சி முத்திரை இருந்தது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, நகராட்சிக்காரங்க சண்டைக்கு வரப்போறாங்க," என்றார்.

அம்மாதான் தட்டு எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். தங்கை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது, அம்மா வெளியே வர முடியாது. அப்பாவிடம் கேட்டதற்கு, "நகராட்சிக்காக நான் தட்டு தூக்கணுமா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆகவே சனிக்கிழமை நான் புறப்பட்டேன். பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ், நோட்டீஸ் கட்டு. என்ன சொல்ல வேண்டும் என்று அத்தை எனக்குப் பாடம் பண்ணிக் கொடுத்திருந்தார்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நம்ம குளத்துக்குத் தூர் எடுக்கறோம். வீட்டோட வந்து நடத்திக் குடுக்கணும்."

ஒவ்வொரு வாசலிலும் நான் படியேறிச் சொன்னேன். அத்தை தெருவிலேயே விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றார். "நீங்களும் வாங்கத்தை," என்றால், "உன் குரல்தாண்டா கணீர்னு இருக்கு," என்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாய் கடைக்குப் போனபோது அத்தை குங்குமச் சிமிழை எடுத்துவிட்டுக் கற்கண்டு வைத்தார். பாய் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, யாருக்குக் கல்யாணம்?"

"நம்ம குளத்துக்கு."

"அப்ப பொண்ணு மேட்டூர்லேர்ந்து வருதாக்கும்," என்று சொல்லி ஒரு கற்கண்டைத் தன் வாயிலும் ஒன்றை என் வாயிலும் போட்டார்.

மேல வரிசை, வடக்கு வரிசை சேர்த்து இருபத்தெட்டு வீடு முடிந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பாதிப் பேர் சிரித்தார்கள், சிரித்தவர்கள் எல்லோரும் நோட்டீஸை வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் கீழ வரிசையின் பன்னிரண்டு வீடு. அதில் முதல் வீடு நெல் மண்டிக்காரர் வீடு. அவர் வந்தால் வரிசையே வரும், அவர் வராவிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். அந்த வீட்டில் பெண்ணுக்குப் புதன்கிழமை கல்யாணம். பந்தக்கால் நட்டாகிவிட்டது. பூதலூரிலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து வீடு கொள்ளாமல் இருந்தார்கள்.

எனக்குக் கை வலித்தது. அதைவிட, அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு வீட்டில் ஒரு வீட்டைக்கூட அவர் அழைக்கவில்லையே, எல்லாப் பெருமையும் எனக்கே வந்துவிட்டதே என்று தோன்றியது. இந்தப் பெரிய வீட்டை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மண்டிக்காரர் மனைவி வாசலுக்கு வந்ததும் நான் திரும்பி ஓடி, அத்தை கையைப் பிடித்துப் படிவரைக்கும் இழுத்து வந்து, தாம்பாளத்தை அவர் கையில் வைத்தேன்.

"அத்தைதான் உங்களைக் கூப்பிட வந்திருக்காங்க," என்றேன், என் கணீர்க் குரலில்.

உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அம்மா பந்தக்காலைப் பார்த்தார், அத்தையின் நெற்றியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"அப்படி வச்சிட்டுப் போங்க. அவங்க வந்ததும் சொல்றேன்."

அத்தை தாம்பாளத்தைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"அத்தை, நடத்திக் குடுக்கணும்னு சொல்லவேயில்லையே?"

"அவங்களுக்குத் தெரியும்டா."

"இன்னும் பதினோரு வீடு இருக்கு."

"கை வலிக்குதுன்னியே. போதும், வா."

அன்று இரவு அத்தை சாப்பிடவில்லை. குளம் தூர் எடுப்பதற்கு விரதம் இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் குளக்கரையில் இருபத்தாறு பேர். ஆய்வாளர் பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார். எட்டரை ஆனது, ஒன்பதும் ஆனது. இருபத்தாறு இருபத்தாறாகவே இருந்தது. "சார், என்ன சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே பொக்லைன் டிரைவர் ஏறி உட்கார்ந்தார். அப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை கையில் விளக்குமாற்றோடு குளத்தின் படிக்கட்டைக் கூட்டத் தொடங்கினார். வண்டி போனாலும் படியையாவது கூட்டிவிடலாம் என்பது போல.

அப்போதுதான் கீழ வரிசையிலிருந்து மண்டிக்காரர் மனைவி வந்தார். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். அவருக்குப் பின்னால் பனியனோடு மண்டிக்காரர், அவருக்குப் பின்னால் கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள், அப்புறம் கீழ வரிசை மொத்தமும். ஒரு மாமா ஜரிகை வேட்டியோடு வந்திருந்தார், மாற்று வேட்டி எடுத்து வரவில்லையாம்.

"எண்ணிக்குங்க சார்," என்றார் அந்த அம்மா ஆய்வாளரிடம். பிறகு அத்தை பக்கம் வந்து நின்றார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து எங்க பொண்ணு பச்சத்தண்ணி குடிக்கலீங்க. கூப்பிட வந்தவங்களை வாசலோட அனுப்பிட்டியே, என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் ஆள் பாத்துக் கூப்பிட்டியான்னு கேட்டுட்டு உக்காந்துட்டா. நான் என்ன பண்றது. பெரியவங்க சொன்னதைச் செஞ்சேன்." இடுப்பில் செருகியிருந்த புடவையை இறுக்கிக்கொண்டார். "நீங்க கூப்பிட்டீங்க. வந்துட்டேன்."

அத்தை விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

"சேறு முழங்காலுக்கு இருக்குங்க. புடவையை இன்னும் தூக்கிக் கட்டிக்கங்க," என்றார்.

பிள்ளைகளா, அன்று நடந்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொக்லைன் வாய்க்காலைத் தோண்டிக்கொண்டு போனது. ஆனால் குளத்துக்குள் தண்ணீர் விழுகிற வாய் குறுகல், அங்கே அதன் கை நுழையாது. மனிதக் கைதான் வேண்டும். கரையிலிருந்து டிராக்டர்வரை இரண்டு வரிசையாக நின்று சேற்றுச் சட்டியைக் கைமாற்றினார்கள். பாய், மண்டிக்காரர், அப்பா, நகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரும் ஒரே வரிசை. ஆய்வாளர் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி நின்றார். துப்புரவு வேலை பார்க்கிற ஓர் அக்கா மண்டிக்காரரைப் பார்த்து, "என்னங்கய்யா, மம்பட்டியப் பேனா மாதிரி புடிக்கிறீங்க," என்றார். அவரும் சிரித்துவிட்டு, எப்படிப் பிடிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஜரிகை வேட்டி மாமா இரண்டு தடவை விழுந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு வாய் திறந்தது. அத்தை சேறு போய்த் தெரிந்த வாயின் அடிக்கல்லில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

கரையேறியதும் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்த வீட்டை அத்தைய விட்டுக் கூப்பிட வச்சதே நான்தான். அதனாலதான் அவ்வளவு பேர் வந்தாங்க." அப்பா என்னை முறைத்தார். அத்தை என் தலையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டு, "ஆமாண்டா, உன்னாலதான்," என்றார். அதில் கிண்டல் துளியும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வந்தது. அடுத்த வருஷம் வைகாசியில் அப்பாவே கடையிலிருந்து மஞ்சள் வாங்கி வந்து அத்தை முன்னால் வைத்தார். அன்றிலிருந்து நம் வார்டில் இதுதான் வழக்கம்.

அத்தை ஏன் விளக்குக் கம்பத்தோடு நின்றார் என்று எனக்கு விளங்க இன்னும் ஆறு வருஷம் ஆனது. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில், அத்தை யாரும் சொல்லாமலேயே எழுந்து பின்பக்கம் போனார். அப்போதுதான் ஒவ்வொரு வாசலாக எனக்கு ஞாபகம் வந்தது. அன்று நான் செய்தது எத்தனை பெரிய காரியக்கேடு, பெண் வீட்டு வாசலில் அவரை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் புரிந்தது. அத்தை அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வருஷமும் அழைக்கக் கிளம்பினோம். வீட்டுப் பட்டியலில் ஒரு வீட்டை நம் வார்டுப் பையன்கள் பென்சிலால் அடித்திருந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் கணவரை இழந்த பெண் இருக்கும் வீடு. "அந்த வீட்ட விட்டுடுவோம்ணே, இன்னும் வருஷம் திரும்பல, பாவம்," என்றார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அந்த நேரம் நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு நான் மட்டும் அந்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். நோட்டீஸைக் கொடுத்தேன். முழுக்கப் படித்தார்.

"நான் வரலாமாண்ணே?"

"எட்டு மணிக்கு ஆரம்பம்மா. கையுறை அங்கேயே குடுப்பாங்க."

நோட்டீஸை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியாச்சா?"

சொல்லவில்லை, அந்தப் பக்கம் இன்னும் ஆறு வீடு பாக்கி என்றேன். என்னிடம் இருந்த கட்டிலிருந்து ஆறு நோட்டீஸை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.