பெற்றோர் விருப்பம்

அந்த நீலப் பாவாடையின் மடிப்புகள் இன்னும் என் விரல்களுக்கு மறக்கவில்லை. காலை ஆறரை மணிக்கு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, மடிப்பு மடிப்பாகத் தேய்த்துக்கொண்டே எதிரில் நிற்கும் மகளிடம் கேட்பேன். "எங்க படிக்கேன்னு யாராவது கேட்டா என்ன சொல்லணும்?" ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரிய பெண்கள் பள்ளி ஒன்றின் பெயரைப் பிசகில்லாமல் சொல்வாள். "எத்தனாவது?" என்றால், "ஏழாம் வகுப்பு, பி பிரிவு" என்பாள். தன் பெயரை எழுதச் சொன்னால் நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிடும் பிள்ளை, இந்தப் பதிலில் ஒருநாளும் தவறியதில்லை. அந்தப் பள்ளியில் அவள் படிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் நான் எழுத்தர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்துவிடக் கூடாது என்று, தேறமாட்டார்கள் எனத் தோன்றும் பிள்ளைகளை ஏழிலும் எட்டிலுமே கழித்துவிடுவது எங்கள் பள்ளியின் வழக்கம். யாரையும் விரட்டியதாக இருக்காது. பெற்றோரை வரவழைத்து, அவர்களே கேட்டது போல ஒரு விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொள்வோம். டி.சி.யில் 'நீங்கும் காரணம்' என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதுவேன். என் கையெழுத்தில் தலைமையாசிரியைக்கு ஒரு பெருமை உண்டு. ஒருநாள் அவர் என்னை அழைத்து உட்காரச் சொன்னார். அதுவரை உட்காரச் சொன்னதில்லை. அங்கேயே படித்துக்கொண்டிருந்த என் மகள், பக்கத்திலிருந்த பெண்ணின் கையைக் கடித்திருந்தாள். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் நோட்டைக் கிழிக்கிறாள் என்ற புகார் ஏற்கெனவே இருந்தது. "ஒங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை என் மகளின் டி.சி.யை நானே எழுதினேன். காரணம், பெற்றோர் விருப்பம். நடத்தை, நன்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஓட்டு வீடு ஒன்றின் இரண்டு அறைகளில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒருவர் வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் ஏழு பிள்ளைகள். டீச்சர் என்றுதான் எல்லோரும் அவரை அழைப்பார்கள். சென்னையில் இதற்கென்றே பயிற்சி பெற்று வந்தவர். தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவ வைப்பார். மூலையில் மில்லிலிருந்து வாங்கிய கழிவுப் பஞ்சை அடைத்த மூட்டை ஒன்று கிடக்கும். ஆத்திரம் வந்த பிள்ளை யாரையும் கேட்காமல் எழுந்துபோய் அதைக் குத்தலாம். "கோவம் வரட்டும். அது எங்க போயி எறங்கணும்னுதான் நாம காட்டிக் குடுக்கணும்" என்பார். ஆறு மாதத்தில் என் மகள் கடிப்பதை விட்டாள். எழுத்துகளைக் கூட்டி, பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பாதிவரை படித்தாள்.

ஆனாலும் என்னால் வெளியே சொல்ல முடியவில்லை. பட்டாளத்திலிருந்த என் கணவருக்கு, மகளைப் பெரிய பள்ளியில் சேர்த்துவிட்டதாகக் கடிதம் எழுதியிருந்தேன். அவர் அதைக் கூட இருந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டியதாகப் பதில் வந்தது. பிறகு அந்தப் பொய்யைத் தெருவுக்கும் அலுவலகத்துக்கும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. அந்தப் பள்ளியின் சீருடையைத் தைத்து அவளுக்கு உடுத்தினேன். தினமும் அவளை வகுப்பில் விட்டுவிட்டு, ஓட்டமாக ஓடி அடுத்த பஸ்ஸைப் பிடித்து வேலைக்குத் திரும்புவேன். டீச்சர் இரண்டு மூன்று முறை கேட்டார். "ஒங்க ஸ்கூல்ல இப்பிடிப் பிள்ளைக வேற யாரும் இல்லையா? இங்க ரெண்டு இடம் காலியா இருக்கு." இல்லை டீச்சர் என்பேன். நான் டி.சி. எழுதிக் கொடுத்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அவர்களில் ஒருத்தி இங்கே வந்தாலும், என் மகள் இருக்கும் இடம் ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் எங்கள் பள்ளியில் ஆய்வு. காலையிலேயே அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். அவளைத் தனியாக பஸ் ஏற்றி, கண்டக்டரிடம் இறக்கிவிடச் சொன்னேன். எங்கே என்று சொல்லவில்லை. தினமும் பார்ப்பவர்தானே என்று நினைத்தேன். அவரோ அந்தப் பள்ளி நிறுத்தத்தில் அதே சீருடையில் பெண்கள் கூட்டமாக இறங்குவதையும் இவள் எழாமல் இருப்பதையும் பார்த்து, "ஏ தாயி, அம்மா இல்லைன்னதும் ஊர் சுத்தலாம்னு பாக்கியா? ஒன் செட்டோட எறங்கு" என்று சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டிருக்கிறார். அவளும் அந்தப் பெண்களோடு உள்ளே போய், பிரேயரில் நின்று, ஏழாம் வகுப்பு பி பிரிவைத் தேடிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. எந்த ஸ்கூல் என்று கேட்டால் அந்தப் பள்ளியின் பெயரையே சொல்கிறாள். நக்கல் செய்கிறாள் என்று நினைத்து யாரோ கையைப் பிடித்து இழுக்க, கடித்துவிட்டாள். விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையில் அடைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. டீச்சர் தேடி அலைந்து கண்டுபிடிக்கும்போது பன்னிரண்டு மணிக்கு மேலாகியிருந்தது.

போன் வந்து நான் ஓடிப் போனபோது, அவள் டீச்சரின் முந்தானையைப் பிடித்தபடி மடவார் வளாகத்து வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சொன்னாள். "நான் கரெக்டாத்தாம்மா சொன்னேன்."

இனி சீருடையில் வந்தால் உள்ளே விடமாட்டேன் என்றார் டீச்சர். மறுநாள் ரோஸ் கலர் கவுனை எடுத்தேன். அவள் அதைக் கழுத்திலிருந்து கிழித்தாள். "நீலந்தான் வேணும். அதைப் போட்டாத்தான் பஸ்ல எல்லாரும் பக்கத்துல ஒக்காருதாக." மூன்று நாள் வீட்டிலேயே கிடந்தாள். சீருடையோடு வகுப்புக்குப் போக முடியாது. சீருடை இல்லாமல் அவள் வாசலைத் தாண்டமாட்டாள். என் வெட்கத்துக்காக நான் தைத்தது அவளுக்கு இருந்த ஒரே பெருமையாகிவிட்டிருந்தது.

நான்காம் நாள் நீலப் பாவாடையோடே கூட்டிப் போனேன். டீச்சர் நிலைப்படிக்கு வந்து அவளைப் பார்த்தார். பிறகு அவளை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார். "அவ போட்டுக்கிடட்டும். மறைக்கது அவ இல்ல, நீங்க. இனிமே இப்பிடிப் பிள்ளையோட ஒரு தாய் ஒங்க மேசைக்கு வந்தா இங்க அனுப்புங்க. எனக்கு அம்புட்டுதான் வேணும்." சரி என்று தலையசைத்தேன். மனதாரத்தான் தலையசைத்தேன்.

அந்த ஏப்ரலில் ஒரு பெண் வந்தாள். மில் வேலை முடிந்து அப்படியே வந்தவள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையைப் பிடித்தபடி பன்னிரண்டு வயது மகள். பதிவேட்டில் பெயரும் முகவரியும் பார்த்து டி.சி.யை எழுதினேன். விண்ணப்பத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிமிர்ந்து கேட்டாள்.

"இனி இவள எங்கக்கா கொண்டு சேக்க?"

பியூன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தட்டச்சு செய்பவரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மடவார் வளாகம் என்று இரண்டு சொல் சொன்னால் போதும். "நல்ல ஸ்கூலாப் பாத்துச் சேத்துருங்க" என்றேன்.

அவள் லேசாகச் சிரித்தாள். "ஒங்க மக படிக்க மாதிரி பெரிய எடத்துல எல்லாம் இவள எடுப்பாகளாக்கா?"

நான் டி.சி.யில் முத்திரை குத்தி நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் டீச்சர் கேட்டபோது யாரும் வரவில்லை என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

இன்று அந்த வகுப்பு இல்லை. டீச்சர் உடம்புக்கு முடியாமல் சொந்த ஊர் போய்விட்டார். என் கணவர் ஒரு விடுமுறையில் வந்து, தானாகவே எல்லாம் தெரிந்துகொண்டார். நான் பயந்த அளவுக்கு எதுவும் பேசவில்லை. மகள் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் எண்ணி அடுக்கும் வேலைக்குப் போகிறாள். கோபம் வந்தால் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்புகிறாள் என்று அங்கே சொல்கிறார்கள். அது டீச்சர் கொடுத்தது. மில்லிலிருந்து வந்த அந்தத் தாயின் மகளுக்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வீடு எது என்று தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு என் வீட்டிலிருந்து அந்தத் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம். நான் சுற்றிப் போகிறேன்.