நாலாவது முடிச்சு

கழுத்து வலிக்காரர்கள் யாரும் கதவைத் திறந்து நேராக உள்ளே வருவதில்லை. தோளை முதலில் அனுப்பிவிட்டு, உடம்பு மொத்தத்தையும் பீரோவைத் திருப்புவதுபோலத் திருப்பிக்கொண்டு வருவார்கள். ஏற்காட்டில் பதிமூன்று வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். இதைப் படிக்கும்போதே உங்கள் கை பிடரிக்குப் போயிருந்தால் வாருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே தடவிப் பாருங்கள். புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு தட்டுப்படும். எங்கள் படிப்பில் அதற்கு டிரிகர் பாயின்ட் என்று பெயர். அதை அழுத்தினால் வலி அங்கேயே நிற்காது. காதுக்குப் பின்னால் ஏறி நெற்றிப்பொட்டுக்குப் போய்விடும். அந்த முடிச்சை விரலால் அழுத்திப் பிடித்து இளகும்வரை காத்திருப்பது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, தசையை மெல்ல இழுத்து நீட்டிவிடுவது, இதுதான் என் பிழைப்பு. முடிச்சு எங்கே இருக்கிறது என்பதை விரல் சொல்லிவிடும். எதனால் விழுந்தது என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும். சிலர் சொல்ல ரொம்ப நாளாகும்.

கொய்யாக்காய் வைத்தியம்

வெள்ளக்கடை அண்ணாமலைக்கு அறுபது வயதிருக்கும். சொந்தமாகக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. மகன்கள் இரண்டு பேரும் திருப்பூரில். முன்பு மூன்று பேர் ஏறிய ஏணியில் இப்போது அவர் ஒருவரே ஏறி, சீசன் முழுக்க அண்ணாந்து பார்த்து மிளகு பறித்ததில் பிடரி கல்லாகிவிட்டது. வாராவாரம் பஸ் பிடித்து வர முடியாது என்றார். ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து, தோளுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்து, வலிக்கிற இடத்தில் அரை நிமிடம் அழுத்தச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, அதே பீரோ நடையில் வந்தார். பந்து எங்கே என்று கேட்டேன்.

"பந்து உருண்டு பள்ளத்துல போயிருச்சுங்க டாக்டரம்மா. ஊட்ல வேற ஆளில்ல, எறங்கித் தேட முடியல. ஒரு கொய்யாக்காய வெச்சு அழுத்துனேன். காய் பழுத்தே போச்சு, என் கழுத்துதான் இன்னும் காயாவே கெடக்குதுங்க."

ராசாத்தியின் இரண்டு தோள்கள்

மஞ்சக்குட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர் ராசாத்தி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. கூடையைத் தூக்க முடியாமல் அவர் திணறுவதைப் பார்த்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரே ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருந்தார். தொட்டுப் பார்த்தேன். இரண்டு தோளிலும் ஒரே அளவு முடிச்சு. சுமை தூக்குகிறவர்களுக்கு ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும்தான் பார்த்திருக்கிறேன். "கழுத்துல முடிச்சு விழுந்திருக்குதுங்க" என்றேன். "ஏற்கெனவே மூணு முடிச்சு கெடக்குதுங்களே, இது நாலாவதுங்களா?" என்று தாலியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மூன்று முறை அழுத்தி இளக்கிவிட்டும் முடிச்சு திரும்பத் திரும்ப வந்தது. நாலாவது முறைதான் கேட்டேன், வீட்டில் என்ன கனம் தூக்குகிறீர்கள் என்று. புருஷனை என்றார். காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரத்தில் கிளை கழிக்க ஏறி விழுந்தவர் அவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை அவர் ராசாத்தியின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொள்வார். ராசாத்தி அப்படியே நிமிர்ந்து அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவார்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்கே போனேன். பழைய வேட்டியை மடித்துப் புருஷனின் இடுப்பில் பட்டைபோலக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி அவரை நகர்த்தும் முறையைக் காட்டிக்கொடுத்தேன். அந்த மனிதர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் இரண்டு முடிச்சும் கரைந்துவிட்டன. இனிமேல் வரவேண்டாம் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, ராசாத்தி எழுந்திருக்காமல் முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வலி போயிருச்சுங்க. அவரு என் கழுத்தக் கட்டிக்கிறதுக்கு இருந்த ஒரே சாக்கும் போயிருச்சுங்க."

பின்படி

முருகேசன் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். இடது பக்கம் கழுத்து திரும்பாமல் வருவார். மருந்தில்லாத வெறும் ஊசியால் முடிச்சில் குத்தி இளக்கி அனுப்புவேன். பத்து நாளில் திரும்ப வருவார். இருக்கையைச் சரிசெய்யச் சொன்னேன், தலையணையை மாற்றச் சொன்னேன். எல்லாம் செய்தார். முடிச்சு மட்டும் போகவில்லை.

ஒருநாள் என் ஸ்கூட்டர் பழுதாகி அவர் ஜீப்பிலேயே முன்னால் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு வளைவிலும் சட்டென்று இடது தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். நான் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். இறங்கும்போது கேட்டேன். மூன்று வருடம் முன்பு, கூட்டமான ஒரு சந்தை நாளில், பின்படியில் நின்றுகொண்டு வந்த ஒருவர் வளைவில் விழுந்துவிட்டாராம். அடுத்த ஸ்டாப்பில் நிறுத்தி ஆளைக் காணோமே என்று பார்த்தபோதுதான் தெரிந்ததாம். திரும்பிப் போனபோது உயிர் இல்லை. வீட்டில்கூட இதைப் பேசுவதில்லை என்றார். அதற்குப் பிறகு பின்படியில் யாரையும் ஏற்றுவதே இல்லையாம்.

"அப்புறம் எதுக்குங்க திரும்பிப் பாக்கறீங்க?" என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இன்னொரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அங்க ஒருத்தரும் நிக்கலீன்னு எனக்குத் தெரியுதுங்க மேடம். கழுத்துக்குத்தான் தெரியமாட்டேங்குது."

ஊக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

வாழவந்தியிலிருந்து வந்த பழனியம்மாள் என்னைவிட இருபது வயது மூத்தவர். கழுத்தும் வலது தோளும் வலி. மண்வெட்டி பிடிக்கிற கை. முடிச்சும் விரலுக்குத் தட்டுப்பட்டது. அழுத்தினேன், ஒத்தடம் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போவார். மறுவாரம் வலியோடு வருவார். அவருடைய ரவிக்கை தொளதொளவென்று இருந்தது. முதுகுப் பக்கம் ஓர் ஊக்குப் போட்டுப் பிடித்திருந்தார். அடுத்த வாரம் இரண்டு ஊக்கு. அடுத்த வாரம் அவை இன்னும் உள்ளே தள்ளிக் குத்தப்பட்டிருந்தன. நான் அதைப் பார்த்தேன். என் விரல் படாமல் இருக்க அந்த ஊக்குகளை நானே கழற்றியும் வைத்தேன். "ஏனுங்க இப்படி எளைச்சிட்டீங்க, படுத்தாலும் வலிக்குதுங்களா?" என்று கேட்கவில்லை. வாசலில் இன்னும் ஐந்து பேர் காத்திருந்தார்கள்.

நாலாவது வாரம்தான் அந்த இளைப்பு எனக்கு உறைத்தது. சேலத்துக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினேன். எலும்பில் கட்டி; வேறெங்கோ தொடங்கி அங்கே வந்திருந்தது. மூன்று வாரம் முன்னால் அனுப்பியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று அங்கிருந்த டாக்டர் போனில் சொன்னார். எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழனியம்மாள் இறப்பதற்கு இருபது நாள் முன்பு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் முதல் வாரமே அனுப்பியிருக்க வேண்டும், என்னை மன்னிச்சிடுங்க என்றேன். அழக்கூடாது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன், முடியவில்லை. அவர் என் கையை எடுத்துத் தன் தோளில், பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்.

"அழுவாத கண்ணு. நீ கை வெச்ச அந்த மூணு வாரந்தான் எனக்கு வெறும் கழுத்து வலின்னு நெனச்சு நொம்ப நிம்மதியா இருந்தேன்."

ஆக, அன்பான சக நோயாளிகளே, கைக்கு முன்னால் காதைக் கொடுக்க வேண்டும் என்று இத்தனை வருடம் கழித்துக் கற்றுக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்து எல்லார் கதையையும் கேட்டதில் இப்போது எனக்கே இடது பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது, நல்ல பிசியோ யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.