பேர் தெரியாமல் வந்தவன்

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குச் சென்னை என்றாலே இளக்காரம். அம்மாவின் அக்கா இறந்த செய்தி கேட்டு வந்தவன், மந்தைவெளியில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது கைபேசி அணைந்துபோனது. தெருப் பலகைகள் முழுக்கச் சுவரொட்டிகள். ‘இதுவும் ஒரு ஊரா!’ என்று எரிந்துகொண்டே, மீன் விற்ற பெண்ணிடம் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் சொல்லி வழி கேட்டேன்.

“ரேசன் கடை இருந்துச்சே, அங்க திரும்பு நைனா.”

“இல்லாத கடைய நான் எப்படிப் பார்க்கிறது? ஒழுங்கா வழி சொல்லத் தெரியாதா உங்களுக்கெல்லாம்?”

“இன்னாத்துக்குக் கோவிச்சுக்கிற? யார் வூட்டுக்குப் போற, பேரைச் சொல்லு.”

எனக்கு அவர் வெறும் பெரியம்மா. பெயரைக் கேட்டதே இல்லை.

“எங்க பெரியம்மா... நேத்து இறந்துட்டாங்க.”

மீன் நறுக்கிய கை நின்றது. “நம்ம சரோஜாக்காவா? தெனம் இங்க குந்திக்கினு என்னாண்ட பேசிட்டுப் போவுமே, நேத்து காணோமேன்னு பார்த்துக்கினே இருந்தேன்! பேரு தெரியாமலா சாவுக்கு வந்துகீற?”

கூடையை மூடிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, “சரோஜாக்கா, சரோஜாக்கா” என்று கதறினாள்.

சொந்தக்காரன் என்று எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்காரக் கூசியது. அந்த ஊர்மேல் எனக்கிருந்த வெறுப்பு அன்று என்மேல் திரும்பியது; இன்றுவரை என்மேல்தான் இருக்கிறது.