குண்டின் நிறம்

கொழுந்தன் கணினியில் போர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். திரையில் குண்டுகள் ஒளிக்கோடுகளாகப் பாய்ந்தன.

"ரியலா இல்ல லா. அண்ணி, நீங்க யாழ்ப்பாணத்துல பாத்திருப்பீங்களே, என்ன கலரு?"

மலேசியாவின் ஜார்ஜ் டவுனுக்கு மருமகளாக வந்த என்னிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டு வயதில் பார்த்தேன். பொழுதுபடும் நேரம், அம்மா கிணற்றடியில் தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஹெலிகாப்டரிலிருந்து சிவப்புப் பொட்டுகள் ஆறுதலாக, மெல்ல மெல்ல மிதந்து வந்தன. கிட்ட வந்ததும் சீறின. அம்மா எங்கள் மேல் விழுந்து மூடினார். சத்தம் அடங்கியபின், தலையில் சவர்க்கார நுரையோடு தம்பி அம்மாவை உலுக்கி எழுப்பிக்கொண்டே இருந்தான். அவர் எழும்பவில்லை.

"சிவப்பு," என்றேன். "என்ர அம்மாவைக் கொன்றது அதுதான். நல்லா வடிவாப் பாத்து விளையாடு."

"சாரி அண்ணி," என்று விளையாட்டை நிறுத்தினான்.

நான் வெளியே வந்து கதவை அடித்துச் சாத்தினேன்.