டிரைவர் கழுத்தில் கர்ப்பப்பை

தலையணை அக்கா என்று கேட்டால் கடைத்தெருவில் எல்லோரும் அந்த மாடிப்படியைக் கை காட்டுவார்கள். படிக்குக் கீழே பொந்து மாதிரி ஒரு கடை. ஒரு தையல் மெஷின், கூரைவரை பஞ்சு மூட்டை, மிச்சமிருக்கிற இடத்தில் அவள். சோபாவுக்கு உறை, காருக்கு சீட் கவர், முதுகுவலிக்காரர்களுக்குத் திண்டு, எல்லாம் தைப்பாள். தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம்: ஜிப் பின்பக்கம்தான் இருக்க வேண்டும், யார் கண்ணிலும் படக் கூடாது. "முன்னாடி ஜிப் தெரிஞ்சா அது குஷனா, கோணிப்பையா?" என்பாள்.

கண்ணில் படக் கூடாத சங்கதிகள் அவள் வாழ்க்கையிலும் ஏராளம். பதினேழில் கல்யாணம், பதினெட்டில் பிரசவ வார்டு. குமட்டல் எதற்கு என்று தெரியாமல் மாதக்கணக்கில் வாயு மாத்திரை விழுங்கியவள். குழந்தை எந்த வழியாக வெளியே வரும் என்று அடுத்த கட்டில்காரியைக் கேட்டபோது வார்டே சிரித்தது. பதிலை மட்டும் யாரும் சொல்லவில்லை. தொப்புள் வழியாகத்தான் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் சுருக்கென்று குத்தும். இருந்தும், தன் மகளுக்குப் பதிமூன்று வயதான பிறகும் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாப்கின் பாக்கெட்டைத் துணிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "அங்க இருக்கு" என்றதோடு சரி.

அப்படிப்பட்டவளிடம்தான் பள்ளிக்கூடத்து நர்ஸ் வந்து, துணியில் ஒரு கர்ப்பப்பை தைத்துத் தரச் சொன்னாள். உள்ளே போட்டு எடுக்க ஒரு பொம்மைக் குழந்தையும் வேண்டுமாம்.

"பசங்களும் பொண்ணுங்களும் ஒண்ணா உட்கார்ந்து கத்துக்கப் போறாங்கக்கா. குழந்தை எப்படி உண்டாகுது, வேணாம்னா எப்படித் தள்ளிப்போடறது, எல்லாந்தான். உங்க பொண்ணு கிளாஸ்தான் முதல்ல."

நர்ஸ் போனில் காட்டிய படத்தை அவள் வெட்கத்தில் ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். ஆனால் கை சும்மா இருக்குமா? ரோஜா நிற வெல்வெட்டில் கொழுகொழுவென்று தைத்தாள். இரண்டு பக்கமும் நீளமாகக் குழாய் வைத்து, நுனியில் குஞ்சம் கட்டினாள். உள்ளங்கை அளவு பொம்மை ஒன்றை உள்ளே போட்டு, பழக்க தோஷத்தில் ஜிப்பைப் பின்பக்கம் வைத்துவிட்டாள். இது என்ன என்று கணவன் கேட்டதற்கு, "கஸ்டமருக்கு ஒரு குஷன்" என்று மழுப்பினாள்.

அந்த மழுப்பல்தான் வினையானது. வகுப்பு நாளன்று மத்தியானம் அவள் நூல்கண்டு வாங்கப் போயிருந்தாள். கழுத்துவலிக்குத் தலையணை சொல்லியிருந்த பஸ் டிரைவர் கடைக்கு வந்தார். மேஜைமேல் கண்ணில் பட்டதை எடுத்துக் கழுத்தில் மாட்டி, குழாய் இரண்டையும் முன்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டார். "அக்கா கை அக்கா கைதான். கட்டிக்கக்கூட வசதி பண்ணியிருக்காங்க" என்றார். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த கணவனும் பெருமையாகத் தலையாட்டி அனுப்பிவைத்தான்.

அவள் திரும்பி வந்ததும், வகுப்புக்கு அதை வாங்கிப்போக மகள் வந்து நின்றதும் ஒரே சமயம். டிரைவருக்காகத் தைத்த சாம்பல் நிறத் தலையணை மட்டும் மேஜையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கணவன் சொன்னதும் விஷயம் புரிந்தது. தலையணையைக் கக்கத்தில் இடுக்கி, மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, புறப்பட்டுக்கொண்டிருந்த டிரைவரின் பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள்.

டிரைவர் கழுத்தில் வெல்வெட் பளபளக்க, ராஜா கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது மாறிப்போச்சு. இந்தாங்க உங்களோடது. அதக் குடுத்துடுங்க."

"எனக்கு இதுவே இருக்கட்டுங்க்கா. உள்ள ஒரு உருண்டை வெச்சிருக்கீங்க பாருங்க, வலிக்கிற எடத்துலயே அழுத்துது. சொர்க்கமா இருக்கு."

"இல்லண்ணே, அது வந்து... ஸ்கூலுக்கு..."

"ஸ்கூல்ல யாருக்குக் கழுத்துவலி?"

பஸ் சிரித்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது. வார்டில் கேட்ட அதே சிரிப்பு. பக்கத்தில் மகள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் மென்று விழுங்கினால் இந்தப் பெண்ணிடம் எந்த ஜென்மத்தில் பேசப் போகிறோம் என்று தோன்றியது. மூச்சை இழுத்துக்கொண்டு, கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உங்க கழுத்துல இருக்கிறது கர்ப்பப்பை. உள்ள இருக்கிறது குழந்தை. என் பொண்ணு கிளாஸ்ல பாடம் நடத்தணும், கழட்டுங்க."

பஸ் ஓரமாக நின்றது. டிரைவர் முடிச்சை அவிழ்த்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற பதனத்தோடு இரண்டு கையாலும் எடுத்தார். ஜிப் திறந்திருந்ததோ என்னவோ, பொம்மை நழுவிக் கண்டக்டர் கையில் விழுந்தது. "சுகப்பிரசவம்" என்றது ஒரு குரல். அவ்வளவுதான், பஸ்ஸே குலுங்கியது. இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிறவரை.

காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள். "ஏம்மா, முதுகு வழியாவா பொறக்கும்?"

மகள் கர்ப்பப்பையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, ஜிப் கீழ வரணும்மா. வழி அங்கதான் இருக்கு."

"குஷனுக்கு எப்பவும் பின்னாடிதான்டி."

"இது குஷன் இல்லம்மா."

ஊசியும் கத்தரியும் இடுப்புப் பையில் எப்போதும் இருக்கும். மறுபடி கிளம்பி ஓடுகிற பஸ்ஸில் ஜிப்பைப் பிரித்தாள். காய்கறிக்கார அம்மாள் ஒரு குழாயைப் பிடிக்க, மகள் இன்னொன்றைப் பிடிக்க, கீழே வைத்துக் கையாலேயே தைத்தாள். கண்டக்டர் பொம்மையைத் தோளில் சாய்த்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார். டிரைவர் யாரையும் கேட்காமல் பள்ளிக்கூடத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். இறங்க வேண்டியவர்களும் தங்கள் ஸ்டாப்பை மறந்து, தையல் முடிகிறதா என்பதிலேயே குறியாக இருந்தார்கள்.

"நீயும் வாயேம்மா" என்று மகள் இழுத்துப்போய் அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தாள். நர்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள், ஆணுறை, மாத்திரை, எந்த வயதில் உடம்பு பிள்ளைப்பேறு தாங்கும் என்பதுவரை. பிள்ளைகள் முதலில் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள், பிறகு வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். யாருக்காவது சந்தேகம் உண்டா என்று நர்ஸ் கேட்டதும் எல்லாத் தலையும் குனிந்தது. கடைசி பெஞ்சில் ஒரு கை மட்டும் உயர்ந்தது.

"நர்ஸம்மா, இதெல்லாம் எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா, நானும் தள்ளிப்போட்டிருக்கலாமா?"

"தாராளமாக்கா."

மகள் வெடுக்கென்று திரும்பினாள். "அப்ப நான்?"

தலையணை அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"நீ எங்கடி போயிடுவே? கொஞ்சம் லேட்டா வந்திருப்பே. அதுக்குள்ள நானும் கொஞ்சம் வளர்ந்திருப்பேன்."

மகள் யோசித்தாள். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு வந்து, "தள்ளி உட்காரும்மா" என்றாள்.