வெள்ளைத் துணிக்கு மயங்கிய சுருளி

அந்த வட்டாரத்தில் சலூன்காரரின் கத்திரி படாத தலை கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனுஷர். வாடகை நாற்காலியில் தொடங்கிச் சொந்தமாகக் கடை எழுப்பியவர். யார் தயவும் கிடையாது. அப்பேர்ப்பட்டவருக்கே அன்று காலை பரீட்சைப் பயம் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

எல்லாம் அக்காவுக்காகத்தான். அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள், இடுப்பெலும்பு முறிந்து முதியோர் இல்லத்தில் இருந்தாள். அவள் ஆசையாக வளர்த்த நாய் சுருளி, தம்பியின் கடையில் இருந்தது. இல்லத்துக்குள் சும்மா நாயைக் கூட்டிப்போக முடியாது. வயதானவர்களுக்குத் துணையாக வாராவாரம் நாய்களை அழைத்துவரும் தொண்டர் குழுவில் சேர்ந்தால் முடியும். அதற்கு ஒரு பரீட்சை உண்டு. முன்பின் தெரியாதவர்களிடம் நாய் தானாகப் போக வேண்டும், தடவிக்கொடுத்தால் சாதுவாக நிற்க வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான்.

"பழக்குற வேலையை என்கிட்ட விடுங்க. நான் பழக்காத பயலா!" என்று குழுவினரிடம் மார்தட்டினார் சலூன்காரர். தட்டியபடியே செய்தும் காட்டினார். முடி வெட்ட உட்கார்ந்த ஒவ்வொருவர் மடியிலும் சுருளி தலை வைத்தது. பாதி மீசை போனவர்கூட மறுபாதியை மறந்து அதைக் கொஞ்சினார்.

பரீட்சை நாளில் இல்லத்தின் கூடம் களைகட்டியிருந்தது. நாய் வருகிறது என்று பெட்டியில் கிடந்த நல்ல உடுப்பையெல்லாம் எடுத்து உடுத்தி, சிவப்பும் பச்சையுமாக முதியவர்கள் வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள். சொந்த நாய் சொந்தக்காரியிடம் போவது கணக்கில் சேராது என்பதால், அக்கா கடைசியில் தூண் மறைவில் சக்கர நாற்காலியில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

சுருளி உள்ளே வந்தது. ஒவ்வொருவரையும் பார்த்தது. கடந்து போனது!

"என்னப்பா, உன் நாய் டிக்கெட் செக்கர் மாதிரி பார்த்துட்டே போகுது?" என்றார் வரிசையிலிருந்த பழைய பஸ் கண்டக்டர்.

கூடமே சிரித்தது. பரீட்சை நடத்திய மேற்பார்வை நர்ஸ் ஃபெயில் போடப் பேனாவைத் திறந்தாள்.

அப்போது சலவை வண்டியொன்று உருண்டு வந்தது. சுருளி அதிலிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் பார்த்து வாலை ஆட்டியது. சலூன்காரர் நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டார். கடையில் அது தலை வைத்த மடியெல்லாம் வெள்ளைத் துணி போர்த்திய மடி!

"ஒரு நிமிஷம்மா!" என்று ஒரு விரிப்பை உருவினார். படீரென்று உதறினார். கண்டக்டரின் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, பின்னால் செருகினார்.

"யோவ், எனக்கு இருக்கறதே நாலு முடிய்யா!"

சுருளியின் காது நிமிர்ந்தது. ஒரே ஓட்டம். கண்டக்டர் மடியில் மோவாயைப் பொத்தென்று வைத்தது. தடவத் தடவக் கண்ணை மூடிக்கொண்டது.

அவ்வளவுதான், கூடம் அமளிதுமளி. "எனக்கும் போர்த்துப்பா!" "முதல்ல எனக்கு!" "அவரு வரிசையில கடைசி!" சலூன்காரர் ஆள் மாற்றி ஆள் போர்த்த, சுருளி மடி மாற்றி மடி தாவியது.

"துணி போர்த்தக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லையே," என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். "பாஸ்!"

வாயிலிருந்து கையை எடுத்தாள் அக்கா. "சுருளி!"

துணியாவது ஒன்றாவது! அம்பாகப் பாய்ந்து அவள் மடியில் முகம் புதைத்தது. அழுகையும் சிரிப்புமாகத் தடவியவளின் கை, முதுகில் நின்றுவிட்டது.

"டேய் தம்பி, என் பிள்ளைக்கு எவன்டா முடி வெட்டினது? எலி கடிச்ச மாதிரி இருக்கு!"

ஊருக்கே கிராப்பு வெட்டியவர் தலையைச் சொறிந்தார்.

"நான்தான்க்கா. விடு, அதான் இனிமே வாராவாரம் வர்றோம்ல? உன் கண்ணு முன்னாலயே சரிபண்ணிடறேன்."